மகளை மைதானத்துக்கு அனுப்பும் மதுரைத் தாய்மார்களுக்கு



பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகள் வாயில் பி.டி. டீச்சர். ஆறாம் வகுப்பில் விசில் சத்தம் கேட்டதும் மான் மாதிரி பாய்ந்த பிள்ளைகள், எட்டாம் வகுப்பில் ஒவ்வொருத்தியாக வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வதை வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். "ஏண்டி ஓடல?" என்று கேட்டால் "வயித்து வலி டீச்சர்" என்பாள். அடுத்த வாரமும் அதே வயிற்று வலி. மாதம் முழுக்க ஒரு பிள்ளைக்கு வயிறு வலிக்காது.

வீட்டில் உங்களிடம் கேட்டால் காரணம் வேறு மாதிரி வரும். படிப்பு கெடுகிறது, வெயிலில் கறுத்துப்போகிறாள், வயசுக்கு வந்த பிள்ளை, மாமா சத்தம் போடுகிறார். இவையெல்லாம் உண்மைதான். இவற்றோடு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை அவள் உங்களிடமும் சொல்ல மாட்டாள், என்னிடமும் சொல்ல மாட்டாள். ஓடும்போது மார்பு வலிக்கிறது. குலுங்குவது கூச்சமாக இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிற பையன்கள் பார்க்கிறார்கள். அதனால்தான் ஒரு கையை மார்புக்குக் குறுக்கே அழுத்தி வைத்துக்கொண்டு மறு கையை மட்டும் வீசி ஓடுகிறாள். தோளை முன்னால் வளைத்துக்கொள்கிறாள். மூச்சு முழுதாக இறங்குவதில்லை, கால் எட்டிப் போடுவதில்லை. "நல்லா ஓடிக்கிட்டு இருந்த பிள்ளை, என்னமோ தெரியல, சோம்பேறியாயிட்டா" என்று நாம் பேசிக்கொள்கிறோம்.

அந்தப் பிள்ளைக்கு வேண்டியது ஒரு நல்ல ஸ்போர்ட்ஸ் ப்ரா. அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அவளுக்குச் சொல்லித்தர ஒரு பெரிய மனுஷி வேண்டும். அந்த மனுஷி நீங்களாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

நம்ம ஊரில் இருந்தே தொடங்குகிறேன். சக்கிமங்கலம் ரேவதி வீரமணியை உங்களுக்குத் தெரியும். சின்ன வயசிலேயே அப்பாவையும் அம்மாவையும் இழந்த அந்தப் பிள்ளையையும் அவள் தங்கையையும் பாட்டி ஆரம்மாள் கூலி வேலை செய்து வளர்த்தார். பிள்ளைகளையும் வேலைக்கு அனுப்பு என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது அந்த அம்மா கேட்கவில்லை, பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்பினார். பயிற்சியாளர் கண்ணன் வந்து பேசிய பிறகு மைதானத்துக்கும் அனுப்பினார். லேடி டோக் கல்லூரியில் படித்து, ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்து, 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார் ரேவதி. தொடக்க காலத்தில் அவர் வெறுங்காலோடு ஓடியதை நாடே பேசியது. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஷூ வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல காரியம். காலுக்கு என்ன வேண்டும் என்று ஊரே கூடிக் கேட்க முடிந்தது. அதே பிள்ளைகளின் மார்புக்கு என்ன வேண்டும் என்று கேட்க இன்னும் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

ஆண் பிள்ளைகள் விஷயத்தில் இந்தத் தயக்கம் கிடையாது. கபடிக் களத்தில் பையன்களைப் பார்த்து "சப்போர்ட்டர் போட்டியாடா?" என்று மாஸ்டர் எல்லார் முன்னாலும் கேட்பார். அதற்கு முந்திய தலைமுறையில் மல்யுத்தக் கூடத்தில் லங்கோடு கட்டாதவனை உள்ளேயே விடமாட்டார்கள். அமெரிக்காவில் சைக்கிள் ஓட்டுகிற ஆண்களுக்காகச் சப்போர்ட்டர் என்ற அந்தத் தாங்கும் உள்ளாடை வந்தது 1874இல். பெண்கள் ஓடுவதற்கென்று ஒரு ப்ரா வந்தது 1977இல். இடையில் நூறு வருஷத்துக்கு மேல்.

அதுவும் எப்படி வந்தது தெரியுமா? அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் லிசா லிண்டால் என்ற பெண் தினமும் ஓடிப் பழகினார். ஓடும்போது மார்பு படுத்தும் பாட்டை அவரும் அவர் சகோதரியும் பேசிப் புலம்பினார்கள். ஆண்களுக்கு இருப்பது போல நமக்கும் ஒன்று ஏன் இல்லை என்ற பேச்சு வந்தது. நாடகங்களுக்கு உடை தைக்கிற பாலி ஸ்மித், அவரோடு வேலை செய்த ஹிண்டா மில்லர், லிசா மூன்று பேருமாகச் சேர்ந்து, ஆண்களின் சப்போர்ட்டர் இரண்டை வாங்கி வெட்டி ஒன்றாகத் தைத்தார்கள். ஓடுவதற்கென்று வந்த முதல் ஸ்போர்ட்ஸ் ப்ரா அதுதான். 2022இல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் மூன்று பேரின் பெயரும் சேர்ந்தது. தையல் தெரிந்த பெண்கள் தங்கள் வலிக்குத் தாங்களே கண்ட மருந்து இது. நம் வீடுகளில் தையல் மிஷின் இல்லாத தெரு உண்டா? இதைப் பேச நமக்குக் கூச்சம் எதற்கு?

உடம்பு விஷயத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். மார்பகத்துக்குள் தசை கிடையாது. கொழுப்பும் பால் சுரப்பிகளும்தான். அதைத் தாங்குவது மேல் தோலும், உள்ளே ஓடும் மெல்லிய இழைகளும். 1840இல் ஆஸ்ட்லி கூப்பர் என்ற ஆங்கில அறுவை மருத்துவர் அந்த இழைகளை விவரித்து எழுதியதால் அவர் பெயரே அவற்றுக்கு நிலைத்துவிட்டது. தசை இல்லாததால், ஓடும்போது உடம்பு போகிற வேகத்துக்கு மார்பகம் சற்றுப் பின்தங்கி வருகிறது. இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வுக் குழு இருக்கிறது. ஓடும்போது மார்பகம் மேலும் கீழும் மட்டும் போவதில்லை, பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் சேர்ந்து அசைகிறது, ஒவ்வொரு இரண்டு எட்டுக்கும் காற்றில் 8 போட்ட மாதிரி ஒரு சுற்று வருகிறது என்று அவர்கள் அளந்து சொன்னார்கள். சிறிய மார்பு உள்ளவர்களுக்கும் இந்த அசைவு உண்டு, அளவு குறைவு, அவ்வளவுதான். "என் மகளுக்கு அவ்வளவு இல்லையே, எதுக்கு இதெல்லாம்" என்று விட்டுவிடாதீர்கள்.

நம் பிள்ளைகள் மட்டும்தான் இப்படிக் கூசுகிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 11 முதல் 18 வயது வரையுள்ள 2,000க்கும் மேற்பட்ட பள்ளி மாணவிகளிடம் அந்தக் குழு கேட்டு 2016இல் வெளியிட்டது. மார்பு சம்பந்தப்பட்ட காரணத்தால் விளையாட்டில் கலந்துகொள்வது பாதிக்கப்படுகிறது என்று 46 சதவீதம் பேர் சொன்னார்கள். இதைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று 87 சதவீதம் பேர் கேட்டார்கள். கையில்லாத பனியனும் அரைக்கால் டவுசருமாக விளையாடப் பழகிய நாட்டிலேயே இந்த நிலை என்றால், துப்பட்டாவைப் பின் குத்திக்கொண்டு ஓடுகிற நம் பிள்ளைகள் மனசில் என்னென்ன இருக்கும்? 2012 லண்டன் மராத்தானில் ஓடிய பெண்களைக் கேட்டபோது, ஏறக்குறைய மூன்றில் ஒருத்தி மார்பு வலியைச் சொன்னாள். 2022 ஐரோப்பியக் கோப்பைக்கு முன்னால் இங்கிலாந்து மகளிர் கால்பந்து அணியில் ஒவ்வொரு வீராங்கனைக்கும் தனித்தனியாக அளவு பார்த்து, அவளுக்குப் பொருந்துகிற ப்ராவை இதே குழு பரிந்துரைத்தது. அந்த வருஷம் கோப்பை அவர்களுக்கே கிடைத்தது. கோப்பைக்கு ஆயிரம் காரணம் இருக்கும். உலகத் தரத்தில் விளையாடுகிறவர்களே அளவெடுத்துத்தான் போடுகிறார்கள் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இனி காரியத்துக்கு வருகிறேன். முதல் வேலை வீட்டில். கதவைச் சாத்திக்கொண்டு, தையல்காரர் வைத்திருக்கிற இஞ்ச் டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மகளை நேராக நிற்கச் சொல்லுங்கள். மார்புக்குக் கீழே, விலா எலும்பின் மேல் டேப்பைச் சுற்றுங்கள். முதுகுப் பக்கம் டேப் மேலேறாமல் சுற்றிலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மூச்சை வெளியே விடச் சொல்லிப் படியுங்கள். அது கீழ்ச்சுற்று. அடுத்து மார்பின் நிறைந்த பகுதியில் டேப்பை இறுக்காமல் வைத்துப் படியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கப் அளவு. ஒரு இஞ்ச் என்றால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று சி, நாலு டி. கீழ்ச்சுற்று 30, மேல்சுற்று 33 என்றால் 30 சி.

இதில் நம் ஊரில் ஒரு குழப்பம் உண்டு. சில கம்பெனிகள் கீழ்ச்சுற்றோடு நாலோ ஐந்தோ இஞ்ச் கூட்டித்தான் சைஸ் போடுகின்றன. அதனால் 30 உள்ள பிள்ளைக்குக் கடையில் 34ஐ எடுத்து நீட்டுவார்கள். ஒரு கம்பெனியின் 34 இன்னொரு கம்பெனியின் 32 மாதிரி இருக்கும். ஆகவே சைஸை மனப்பாடம் செய்ய வேண்டாம். இரண்டு சுற்றளவையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பெட்டியின் பின்னால் அச்சிட்டிருக்கிற அளவு அட்டவணையைக் கேட்டு வாங்கி அதோடு ஒத்துப் பாருங்கள். "சைஸ் என்னம்மா?" என்று கேட்டால் தாளை நீட்டுங்கள். கல்யாணத்தின்போது எடுத்த அளவையே இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! உங்கள் அளவையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

விளக்குத்தூண் பக்கமோ மாசி வீதிகளிலோ போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவளை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய் 'அவ வயசுக்கு ஏத்த மாதிரி' ஒன்று வாங்கி வருவதால் பிரயோஜனம் இல்லை. போட்டுப் பார்க்காமல் ஷூ வாங்குவோமா? பெண்கள் நிற்கிற கவுன்ட்டர் உள்ள கடையாகப் பாருங்கள். உள்ளாடையைப் போட்டுப் பார்க்க நிறையக் கடைகளில் விடுவதில்லை. கேட்டுப் பாருங்கள், சிலர் உள்ளே மெல்லிய சிம்மீஸ் போட்டுக்கொண்டு அதன் மேல் போட்டுப் பார்க்கச் சம்மதிப்பார்கள். அதுவும் இல்லையென்றால் வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ள முடியுமா என்று பில் போடும் முன்பே பேசிவிடுங்கள். பத்து அம்மாக்கள் இப்படிக் கேட்டால் பதினோராவது அம்மாவுக்குக் கடைக்காரர் தானாகவே வழி செய்வார்.

வகை இரண்டு. தலை வழியாகப் போட்டுக்கொள்கிற பனியன் மாதிரியானது, மார்பை நெஞ்சோடு அழுத்திப் பிடிக்கும். சிறிய அளவு உள்ளவர்களுக்கும் இப்போதுதான் வளர ஆரம்பித்த பிள்ளைகளுக்கும் இது போதும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் கப் வைத்துத் தைத்தது இன்னொன்று. ஒவ்வொன்றையும் தனியாக ஏந்திப் பிடிக்கும். சி, டி, அதற்கு மேல் உள்ளவர்கள் வெறும் அழுத்துகிற வகையைப் போட்டு ஓடினால் போதாது. தனிக் கப்பும் மேலே அழுத்தமும் சேர்ந்து, பின்னால் கொக்கி வைத்து இறுக்கம் கூட்டிக் குறைக்கிற மாதிரி, பட்டை அகலமாக இருப்பதுதான் அவர்களுக்கு. உள்ளே வைத்திருக்கும் பஞ்சுப் பேடைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது வடிவத்துக்காக வைத்தது, தாங்குவதற்கு அல்ல. வியர்வையைக் குடித்துக்கொண்டு கனக்கும், துவைத்தால் சுருண்டுகொள்ளும். எடுத்துவிடக்கூடிய பேடாக இருந்தால் எடுத்துவிடலாம்.

தாங்குகிற வேலையில் பெரும் பகுதியைச் செய்வது தோள்பட்டை என்று நாம் நினைக்கிறோம். கீழே நெஞ்சைச் சுற்றி வருகிற அகலப் பட்டைதான் அதைச் செய்கிறது. அது தளர்வாக இருந்தால் முழுப் பாரமும் தோளுக்கு ஏறும். சாயங்காலம் சட்டையைக் கழற்றினால் தோளில் பள்ளம் விழுந்து சிவந்திருக்கும், கழுத்து வலிக்கும். அதைப் பார்த்துத் தோள்பட்டையை இன்னும் இறுக்குவார்கள். கீழ்ப்பட்டை சரியான அளவில் இருக்கிறதா என்று பார்த்தாலே அந்தப் பிரச்சினை பாதி தீரும்.

போட்ட பிறகு சோதிக்க வேண்டியதைச் சொல்கிறேன், ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்லுங்கள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள். கீழ்ப்பட்டை மேலே ஏறினால் பெரிசு. பட்டைக்குக் கீழே இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் இழுபடக் கூடாது. கப்பின் மேல்பக்கமோ அக்குள் பக்கமோ சதை பிதுங்கினால் கப் சிறிசு. துணி சுருங்கி மடிந்தால் பெரிசு. ஆழமாக மூச்சை இழுக்கச் சொல்லுங்கள். முழு மூச்சு இறங்கவில்லை என்றால் அது எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் வேண்டாம். பிறகு நின்ற இடத்திலேயே ஓடச் சொல்லுங்கள், ஸ்கிப்பிங் ஆடுகிற மாதிரி குதிக்கச் சொல்லுங்கள், குனிந்து நிமிரச் சொல்லுங்கள். கண்ணாடி முன்னால் அவளே பார்ப்பாள். முகம் தானாக மலர்ந்தால் அதை வாங்குங்கள். இரண்டு மார்பும் ஒரே அளவாக இருக்காது, எல்லாருக்கும் அப்படித்தான். பெரிய பக்கத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். "எனக்கு மட்டும் இப்படி இருக்கு" என்று அவள் மனசுக்குள் பயந்துகொண்டிருக்கக் கூடும். அந்த இடத்தில் ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லிவிடுங்கள்.

என்ன விளையாட்டு என்பதையும் பார்க்க வேண்டும். யோகாவுக்கு லேசானது போதும். தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பதற்கும் திருப்பரங்குன்றத்தில் மலையைச் சுற்றுவதற்கும் நடுத்தரமானது போதும். ஓட்டம், நீளம் தாண்டுதல், கூடைப்பந்து, கைப்பந்து, ஸ்கிப்பிங் என்றால் நன்றாகப் பிடித்து நிறுத்துகிற வகை வேண்டும். லேபிளில் 'ஹை இம்பேக்ட்' அல்லது 'ஹை சப்போர்ட்' என்று போட்டிருக்கும். கபடியும் சிலம்பமும் ஆடுகிற பிள்ளைகளுக்கு இரும்புக் கம்பி வைத்தது கூடவே கூடாது. உலோகக் கொக்கியும் வேண்டாம். மண்ணில் விழுந்து புரளும்போது அது முதுகில் கீறும், பிடிக்க வருகிற பிள்ளையின் விரலையும் கிழிக்கும். தலை வழியாகப் போடுகிற, கெட்டியான துணி வாங்குங்கள்.

போலீஸ் தேர்வுக்குத் தயாராகிற தங்கச்சிகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். காலையில் ரேஸ் கோர்ஸ் பக்கம் வந்தால் உங்களைக் கூட்டம் கூட்டமாகப் பார்க்கிறேன். மேலூர், உசிலம்பட்டி, அலங்காநல்லூர் பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவர்களும் உங்களில் உண்டு. காவலர் தேர்வில் பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடி முடிக்க வேண்டும். அதன் பிறகு நீளம் தாண்டுதல், குண்டெறிதல், வேக ஓட்டம். இதில் ஒவ்வொரு விநாடிக்கும் கணக்கு உண்டு. கை இரண்டும் தடையில்லாமல் முன்னும் பின்னும் வீச வேண்டும். சாதாரண ப்ரா இரண்டை ஒன்றன் மேல் ஒன்று போட்டு, மேலே சட்டை, அதற்கு மேல் ஷாலைக் குறுக்கே இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினால் மூச்சு எப்படி முழுதாக வரும்? ஷூவுக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள். தேர்வு நாளில் புதுசைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பல முறை போட்டு ஓடிப் பழகி, எங்கேயும் உரசாது என்று தெரிந்ததைத்தான் போட வேண்டும்.

உரசல் என்றதும் நம் ஊர் வெயில் ஞாபகம் வருகிறது. பங்குனி பிறந்தாலே காலை எட்டு மணிக்குச் சட்டை நனைந்துவிடுகிறது, கத்திரியில் 40 டிகிரி தொடுகிறது. வியர்வை தேங்குகிற இடம் மார்பின் கீழ் மடிப்பு. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும், அந்த ஈரத்தோடு ஓடினால் தோலை அறுக்கும். அன்றாடம் போடுவதற்குப் பருத்தி நல்லது. ஓடுவதற்கு நைலானோ பாலியஸ்டரோ கலந்த, வியர்வையை வெளியே தள்ளிச் சீக்கிரம் உலர்கிற துணி நல்லது. இழுத்து விட்டால் பழைய அளவுக்குத் திரும்புவதற்கு எலாஸ்டேன் அல்லது ஸ்பான்டெக்ஸ் என்ற இழை அதில் கலந்திருக்கும். லேபிளில் பார்க்கலாம். வாங்கும்போது துணியை இரண்டு கையாலும் இழுத்து விட்டுப் பாருங்கள், தொளதொள என்று நின்றால் வேண்டாம். உள்பக்கத் தையலை விரலால் தடவிப் பாருங்கள். விரலுக்கு உறுத்துவது ஆயிரம் எட்டு ஓடியதும் புண்ணாகும். உரசுகிற இடத்தில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளலாம்.

பயிற்சி முடிந்ததும் ஈரத்தோடு பஸ்ஸில் உட்கார்ந்து வீடு வருகிற பழக்கம் நிறையப் பிள்ளைகளுக்கு இருக்கிறது. மடிப்பில் அரிப்பும் சிவப்பும் படையும் அதனால்தான் வருகின்றன. பையில் ஒரு மாற்று ப்ராவும் ஒரு சின்னத் துண்டும் வைத்து அனுப்புங்கள். படை வந்த பிறகு பவுடர் கொட்டி மூடாதீர்கள், டாக்டரிடம் காட்டி மருந்து போடுங்கள்.

துவைப்பதைப் பற்றியும் எழுதியாக வேண்டும். நம் வீடுகளில் உள்ளாடையை எங்கே காயப் போடுகிறோம்? கொடியில் நைட்டிக்கு அடியில், துண்டுக்கு அடியில், பாவாடைக்கு உள்ளே, அல்லது பாத்ரூம் கதவுக்குப் பின்னால். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று. காற்றும் வெளிச்சமும் படாமல் அரை ஈரமாகவே மறுநாள் காலையில் பிள்ளை எடுத்துப் போடுகிறாள். மருந்து போட்டும் போகாத படைக்கு இதுவும் ஒரு காரணம். கையால் துவைத்து, முறுக்கிப் பிழியாமல், காற்றோட்டமான நிழலில் விரித்துப் போடுங்கள். உச்சி வெயிலில் போட்டால் எலாஸ்டிக் சீக்கிரம் செத்துப்போகும். கம்ஃபர்ட் மாதிரி துணியை மிருதுவாக்கும் திரவங்களில் ஊறப் போட வேண்டாம், வியர்வையை வெளியே விடுகிற குணம் போய்விடும். மொட்டை மாடியில் அவள் உள்ளாடை காய்வதை எதிர்வீட்டுக்காரர் பார்த்தால் பார்க்கட்டும். துணி காய்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

வளர்கிற பிள்ளைக்கு ஒரே நேரத்தில் நிறைய வாங்கி அடுக்காதீர்கள். பதினொன்று முதல் பதினாறு வயசுக்குள் அளவு மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு போதும், ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். ஒவ்வொரு பருவத் தேர்வு முடிந்ததும் ஒரு முறை டேப்பை எடுத்துப் பாருங்கள். மொட்டு விடும் வயசில் தொட்டாலே வலிக்கும், மாதவிலக்குக்கு முன்னால் சில நாள் மார்பு கனத்து நோகும். அந்த நாட்களில் நன்றாகத் தாங்குகிற ப்ரா இருந்தால் அவள் லீவு போடாமல் மைதானத்துக்கு வருவாள். பெரியவர்கள் போட்டுத் தளர்ந்த ப்ராவைப் பிள்ளைக்குக் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். எலாஸ்டிக் போன பிறகு அதனால் ஒரு பயனும் இல்லை.

விலை முந்நூறு நானூறு ரூபாயிலிருந்து இரண்டாயிரத்துக்கு மேலும் இருக்கிறது. விலை கூடியது என்பதற்காக நன்றாகப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. பனியன் துணிக்கு உலகத்துக்கே பேர் போன திருப்பூர் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து வருகிற ஏற்றுமதிச் சரக்கில் நல்ல துணி மலிவாகக் கிடைக்கும், மேலே சொன்ன சோதனைகளைச் செய்து எடுத்தால் போதும். இந்த மாதம் கையில் காசு இல்லை என்றால், அளவு சரியான சாதாரண ப்ராவுக்கு மேல் உடம்பை ஒட்டிப் பிடிக்கிற பனியன் ஒன்றைப் போட்டுச் சமாளிக்கலாம். துணியைச் சுற்றி மார்பைக் கட்டிவிடுவது கூடாது. விலா விரிய முடியாமல் மூச்சு முட்டும்.

ஊரில் உலவுகிற சில பேச்சுகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இறுக்கமான ப்ரா போட்டால், கறுப்பு ப்ரா போட்டால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து ஆய்வாளர்கள் 2014இல் இதைத் தேடிப் பார்த்து, ப்ரா அணிவதற்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு எதுவும் காணவில்லை என்று வெளியிட்டார்கள். நிறத்துக்கும் நோய்க்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் கட்டி தட்டுப்பட்டாலும், காம்பில் ரத்தமோ நீரோ கசிந்தாலும், ஒரு பக்கத் தோல் மட்டும் சுருங்கினாலும் ஒரு நாளும் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். இது பிள்ளைகளைவிட உங்களுக்கு. இன்னொரு பேச்சு, ஸ்போர்ட்ஸ் ப்ரா போட்டால் வளர்ச்சி நின்றுவிடும் என்பது. நிற்காது. அதைப் போட்டால் 'எடுப்பாகத் தெரியும், ஊர் தப்பாகப் பேசும்' என்பதும் தலைகீழான பேச்சு. நல்ல ஸ்போர்ட்ஸ் ப்ரா அசைவைக் குறைக்கிறது. அதற்கு மேல் அவள் தொளதொள டீ-ஷர்ட் போட்டாலும் சரி, உங்கள் வீட்டு வழக்கப்படி முழுக்கைச் சட்டை போட்டாலும் சரி, ஷால் இல்லாமலே நிம்மதியாக ஓடலாம்.

உங்களுக்கும் இது வேண்டும், அம்மா. சர்க்கரைக்காகவும் பிரஷருக்காகவும் நடக்கச் சொன்னார் டாக்டர் என்று விடியற்காலையில் புடவையோடு வேகநடை போடுகிறீர்கள். இரண்டு பிள்ளை பெற்று, பால் கொடுத்து, எடை ஏறி இறங்கிய உடம்பு. தோளும் முதுகும் வலிப்பதற்கு வயசை மட்டும் காரணம் சொல்லிவிட வேண்டாம். ஜாக்கெட்டுக்கு அடியிலோ சுடிதாருக்கு அடியிலோ நடுத்தரமாகத் தாங்குகிற ஒன்றைப் போட்டு ஒரு வாரம் நடந்து பாருங்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறவர்கள் கொடுத்து முடித்த பிறகு நடக்கப் போங்கள், பாரம் குறைந்திருக்கும். நீங்கள் உங்களுக்கு என்று ஒன்று வாங்கினால், மகளுக்கு அதைப் பற்றிக் கேட்பதில் இருக்கிற கூச்சமும் போய்விடும்.

பள்ளிக்கூடம் திறக்கிறதென்றால் சீருடை, ஷூ, ஜாமெட்ரி பாக்ஸ், டிபன் டப்பா என்று ஒரு பட்டியல் போடுவீர்கள். மகள் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிவிட்டால் அந்தப் பட்டியலில் ஸ்போர்ட்ஸ் ப்ரா இரண்டு என்று இந்த வருஷமே எழுதுங்கள். உங்கள் பிள்ளையின் பி.டி. டீச்சரைப் பெற்றோர் கூட்டத்தில் பார்த்தால், மாணவிகளுக்கு இதை ஒரு நாள் தனியாக உட்கார வைத்துச் சொல்லித்தரச் சொல்லிக் கேளுங்கள். அம்மா இல்லாத பிள்ளை பக்கத்து வீட்டில் இருந்தால், அவளுக்கும் சேர்த்து அந்த டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் பழைய பி.டி. டீச்சர்,
மதுரை